இயந்திரம் பங்கிடட்டும், முறையை முதலாளி சொல்லட்டும்

வியாபாரத்தில் நஷ்டம் இரண்டு வழிகளில் வரும். வாங்கி அடுக்கிய சாமான் விற்காமல் கிடந்தால் ஒரு நஷ்டம். வாடிக்கையாளர் வந்து கேட்கும் நேரத்தில் சாமான் இல்லாமல் போனால் இன்னொரு நஷ்டம். முதலாவது நஷ்டம் கணக்குக் கொப்பியில் தெரியும். இரண்டாவது நஷ்டத்தை எந்தக் கொப்பியிலும் யாரும் எழுதுவதில்லை. வந்தவர் வெறுங்கையுடன் திரும்பி அடுத்த கடைக்குப் போவார், பிறகு அங்கேயே பழகிவிடுவார்.

இந்த வாரம் நான் எடுத்துக்கொண்ட விடயம் கம்பியூட்டர் சம்பந்தப்பட்டது என்றாலும் அடியில் இருப்பது இதே இரண்டு நஷ்டங்கள்தான். பெரிய கம்பனிகளின் கம்பியூட்டர் நிலையங்களில் ஆயிரக்கணக்கான சேர்வர்கள் இருக்கின்றன. எந்த வேலைக்கு எத்தனை சேர்வர், எவ்வளவு நேரத்துக்கு என்று பங்கிடும் பொறுப்பை ‘மெஷின் லேர்னிங்’ எனப்படும் இயந்திரக் கற்றல் முறையிடம் இப்போது ஒப்படைத்து வருகிறார்கள். பழைய கணக்குகளைப் பார்த்துத் தானாகவே பழகிக்கொண்டு, அடுத்து வரப்போகும் தேவையை மதிப்பிடும் மென்பொருள் என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

புளியங்குளம் சந்தியில் கடை வைத்திருப்பவனுக்கு கூகுளின் சேர்வரைப் பற்றி என்ன கவலை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வாடகை டொலரில்

இன்று நம்மவர்களில் பலர் பில் போடுவது, ஸ்டொக் பார்ப்பது, தொலைபேசியில் ஓடர் எடுப்பது எல்லாவற்றையும் ஏதோ ஒரு மென்பொருளில்தான் செய்கிறார்கள். அந்த மென்பொருள் கடையில் உள்ள கம்பியூட்டருக்குள் மட்டும் இருப்பதில்லை. அமேசன், மைக்ரோசொப்ட், கூகுள் போன்ற கம்பனிகள் வாடகைக்குக் கொடுக்கும் சேர்வரில் அது ஓடுகிறது. சிங்கப்பூரிலோ மும்பாயிலோ இருக்கும் அந்தச் சேர்வருக்கு வாடகை டொலரில் கட்டவேண்டும். மென்பொருள் செய்து கொடுத்தவர் கட்டினாலும், கடைசியில் அந்தச் செலவு மாதக் கட்டணமாக நமது தலையில்தான் வந்து விழும்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதமளவில் 360 ரூபா வரை போனது. மாதம் 100 டொலர் வாடகை கட்டிய ஒருவருக்கு 20,000 ரூபா இருந்த பில், பாவனை ஒரு துளியும் கூடாமலே 36,000 ரூபா ஆனது. அதுவரை யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு கேள்வி அப்போதுதான் பலருக்கு உறைத்தது. இவ்வளவு வாடகைக்கும் நாம் உண்மையில் பாவிக்கும் அளவு எவ்வளவு? இரவு பன்னிரண்டு மணிக்குக் கடை பூட்டிக் கிடக்கும்போதும் சேர்வர் ஓடிக்கொண்டிருக்கிறதே, அது யாருக்காக ஓடுகிறது?

லொறியும் சேர்வரும்

புறக்கோட்டையிலிருந்து ஏ9 வீதியால் சாமான் ஏற்றி வருகிறவர்களுக்கு இந்தப் பங்கீட்டுக் கணக்கை விளக்குவது சுலபம். லொறிக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று பாரம், மற்றது இடம். சீமெந்து மட்டும் ஏற்றினால் பாரம் நிறைந்துவிடும், ஆனால் மேலே பாதி இடம் வெறுமையாக வரும். மெத்தை மட்டும் ஏற்றினால் இடம் நிறைந்துவிடும், பாரம் ஒன்றும் இராது. இரண்டையும் சரியான அளவில் கலந்து ஏற்றுபவனுக்கே கூலி கட்டுப்படியாகும்.

சேர்வரிலும் இதே கதைதான். கணக்குப் போடும் வேகம் ஓர் எல்லை, நினைவகம் மற்ற எல்லை. சில வேலைகள் வேகத்தைத் தின்னும், சில வேலைகள் நினைவகத்தைத் தின்னும். ஒரே மாதிரியான வேலைகளை ஒரே சேர்வரில் அடைத்தால் ஒரு பக்கம் நிறைந்து, மறுபக்கம் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடப்பதற்கும் வாடகை உண்டு.

பாரிய வேலைகளில் சிக்கல் இன்னும் கூடுகிறது. இப்போது பேசப்படும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களைப் பழக்குவதற்கு ஆயிரக்கணக்கான விசேட சில்லுகள் ஒரே நேரத்தில் ஒன்றாக வேலை செய்யவேண்டும். மெட்டா கம்பனி 2024இல் வெளியிட்ட ‘லாமா 3’ மென்பொருளின் மிகப்பெரிய வடிவத்துக்கு 16,384 சில்லுகளைச் சேர்த்து ஓட்டியது. பத்துப்பேர் சேர்ந்து தூக்கவேண்டிய தீராந்தியை ஒன்பது பேர் தூக்க முடியாது. அதுபோல இப்படிப்பட்ட வேலைக்கு ஆயிரம் தேவையென்றால் 990 கிடைத்தும் பிரயோசனம் இல்லை. மீதிப் பத்தும் வரும்வரை 990உம் காத்திருக்கும். அதற்குள் வேறு சின்ன வேலைகள் வரிசையில் நின்று இடம் கேட்கும். எதை எப்போது உள்ளே விடுவது என்று மனிதன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது. ஆகவேதான் கற்கும் மென்பொருளை நாடுகிறார்கள்.

மொறட்டுவையில் செய்து பார்த்தது

இது வெளிநாட்டுக்காரர்களின் வேலை மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். நமது நாட்டிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2005இல் ஆரம்பிக்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 என்ற இலங்கை மென்பொருள் கம்பனி ‘ஸ்ட்ராடோஸ்’ என்ற ஒரு மென்பொருளை உருவாக்கி, 2013இல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் யாரும் இலவசமாகப் பாவிக்கும் வகையில் ஒப்படைத்தது. தேவைக்கேற்ப சேர்வர்களைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் வேலைகளில் ஒன்று.

அது செய்த கணக்கு எளிமையானது. இப்போது வேலை எவ்வளவு இருக்கிறது, எந்த வேகத்தில் கூடுகிறது, அந்த வேகமே எவ்வளவு கூடுகிறது என்று மூன்றையும் வைத்து, அடுத்த சில நிமிடங்களில் எவ்வளவு வரும் என்று பார்ப்பது. ஓடும் வாகனம் எவ்வளவு தூரம் போகும் என்று பாடசாலையில் நாம் படித்த கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா, அதே கணக்குத்தான். புதிய சேர்வர் ஒன்று எழும்பி வேலைக்குத் தயாராகச் சில நிமிடங்கள் எடுக்கும் என்பதால், கூட்டம் வந்த பிறகு கூப்பிடுவதில் பயன் இல்லை. வருமுன் கூப்பிட்டாக வேண்டும்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கம்பியூட்டர் பொறியியல் துறையினர் 2016இல் வெளியிட்ட ஆய்வுகளில் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். ஒரு கணக்கு முறையை மட்டும் நம்பாமல், நரம்பு வலை எனப்படும் கற்கும் முறையையும் வேறு புள்ளிவிபர முறைகளையும் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றும் இதற்கு முன் எவ்வளவு பிழை விட்டது என்று பார்த்து, பிழை குறைவாக விட்டதன் சொல்லுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். நான்கு தரகர்களிடம் நெல் விலை விசாரித்து, கடந்த போகத்தில் யார் சொன்னது சரியாக வந்ததோ அவருடைய பேச்சை அதிகம் கவனிப்பது போன்றது இது.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் செய்த இன்னொரு சிறிய வேலை. அக்காலத்தில் அமேசன் சேர்வர் வாடகையை மணித்தியாலக் கணக்கில் அறவிட்டது. பத்து நிமிடம் பாவித்து மூடினாலும் ஒரு மணித்தியாலக் காசு. அப்படியானால் கூட்டம் குறைந்தவுடன் சேர்வரை மூடுவது மடமை. காசு கட்டிய மணித்தியாலம் முடியும் தறுவாயில்தான் மூடவேண்டும், இடையில் திரும்பக் கூட்டம் வந்தால் அதே சேர்வர் கைகொடுக்கும் என்று அவர்கள் தமது மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நாள் வாடகைக்குப் பிடித்த லொறியை மத்தியானத்தோடு திருப்பி அனுப்புவோமா? அதே அறிவுதான். 2017 அக்டோபரில் அமேசன் பல சேர்வர்களுக்குச் செக்கன் கணக்கில் அறவிடத் தொடங்கியது. அதோடு அந்தத் தந்திரத்தின் தேவையும் பெருமளவு குறைந்தது. வாடகை முறை மாறினால் பங்கிடும் முறையும் மாறவேண்டும் என்பது இதிலிருந்து நாம் எடுக்கவேண்டிய பாடம்.

கூகுளின் கணக்கு

கூகுள் கம்பனி 2020இல் தனது ‘ஓட்டோபைலட்’ முறை பற்றி விபரமாக வெளியிட்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்று அந்தந்தப் பொறியியலாளர்களே எழுதிக் கொடுத்தார்கள். பற்றாமல் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லோரும் கூட்டியே கேட்பார்கள். கலியாண வீட்டில் சமையற்காரர் அரிசிக் கணக்குச் சொல்வது போலத்தான். அப்படி மனிதர் கேட்டு வாங்கிய வேலைகளில், ஒதுக்கியதில் 46 வீதம் பாவிக்கப்படாமலே கிடந்தது. ஓட்டோபைலட் ஒதுக்கிய வேலைகளில் அது 23 வீதமாகக் குறைந்தது. அதே சமயம், நினைவகம் பற்றாமல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வேலைகளின் எண்ணிக்கையும் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. ஒதுக்கியதும் குறைவு, பற்றாக்குறையும் குறைவு.

இது எப்படி நடந்தது? நேற்றைய பாவனைக்குக் கூடிய பாரமும் பழைய பாவனைக்குக் குறைந்த பாரமும் கொடுத்து அந்த மென்பொருள் கணக்குப் பார்க்கிறது. கூட ஒதுக்கினால் எவ்வளவு நஷ்டம், குறைய ஒதுக்கினால் எவ்வளவு நஷ்டம் என்று இரண்டுக்கும் விலை போட்டு, மொத்த நஷ்டம் எங்கே குறைவாக வருகிறதோ அங்கே நிற்கிறது. நான் முதலில் சொன்ன அந்த இரண்டு நஷ்டங்கள்தான் இவை. இரண்டின் விலையையும் சொல்லிக் கொடுப்பது மனிதன் என்பதை வாசகர்கள் இங்கே கவனிக்கவேண்டும்.

2025 மே மாதம் கூகுள் இன்னொரு தகவலையும் வெளியிட்டது. ‘அல்பா எவோல்வ்’ என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள், சேர்வர்களுக்கு வேலை பங்கிடுவதற்கு ஒரு புதிய சூத்திரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததாகவும், அதனால் தங்கள் உலகளாவிய கம்பியூட்டர் சக்தியில் சராசரியாக 0.7 வீதம் மீட்கப்படுவதாகவும் சொன்னது. முக்கால் வீதம்கூட இல்லையே என்று நாம் நினைக்கலாம். அரிசி மொத்த வியாபாரத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், கிலோவுக்கு ஐம்பது சதம் என்பது வருடக் கடைசியில் என்ன தொகை என்று. இதில் முக்கியமான இன்னொரு விடயமும் உண்டு. அந்தச் சூத்திரம் மனிதன் வாசித்து விளங்கிக்கொள்ளக் கூடிய சில வரிகளாக இருந்தது. பிழை வந்தால் தேடிப் பிடிக்கலாம், நாளை என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்பதும் அதை அவர்கள் தெரிவுசெய்ததற்கு ஒரு காரணம். அவ்வளவு பெரிய கம்பனியே தனக்கு விளங்கும் கணக்கை விரும்பும்போது, விளங்காத கணக்கை நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவேண்டிய அவசியம் இல்லை.

பெருநாள் அதற்குத் தெரியுமா?

இனி இந்த முறையின் பலவீனத்துக்கு வருகிறேன். கற்கும் மென்பொருள் பழைய கணக்கைத்தான் படிக்கிறது. அந்தக் கணக்கில் இல்லாதது அதற்குத் தெரியாது.

அமேசன் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் முன்கணிப்பு வசதி 2018இல் அறிமுகமானது. அது கடந்த 14 நாட்கள் வரையான பாவனையைப் பார்த்து, அடுத்த 48 மணித்தியாலத்துக்குத் தேவையை மதிப்பிடுகிறது. காலையில் கூட்டம், ஜும்ஆ நேரத்தில் அமைதி, சனிக்கிழமை அதிகம் என்பதையெல்லாம் இரண்டு வாரக் கணக்கிலிருந்து படித்துக்கொள்ளும். ஆனால் பதினான்கு நாள் கணக்கை வைத்துக்கொண்டு பெருநாள் வரப்போகிறது என்று எந்த இயந்திரத்தாலும் சொல்ல முடியாது.

ஒரு வருடக் கணக்கைக் கொடுத்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. நமது பிறைக் கணக்கு வருடம் ஏறத்தாழ 354 நாட்கள். ஆகவே நோன்பும் பெருநாளும் ஆங்கிலக் கலண்டரில் வருடாவருடம் 11 நாட்கள் அளவில் முன்னே வரும். 2023இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் பிற்பகுதியில் வந்தது. 2025இல் மார்ச் கடைசியில் வந்தது. சித்திரைப் புத்தாண்டோ அசையாமல் ஏப்ரல் நடுப்பகுதியிலேயே நிற்கிறது. 2023இலும் 2024இலும் இரண்டு விற்பனையும் ஒன்றோடொன்று ஒட்டி வந்தன. அந்த இரண்டு வருடக் கணக்கை மட்டும் படித்த இயந்திரம், ஏப்ரல் என்றால் இவ்வளவு கூட்டம் என்று முடிவு கட்டிவிடும். அதில் எத்தனை பங்கு புத்தாண்டு, எத்தனை பங்கு பெருநாள் என்று பிரிக்க அதற்கு வழியில்லை. பெருநாள் மார்ச்சுக்கு நகர்ந்த பிறகு, ஏப்ரலில் தேவைக்கு அதிகமாகவும் மார்ச்சில் தேவைக்குக் குறைவாகவும் ஒதுக்கி வைத்திருக்கும். இதற்குப் பரிகாரம் உண்டு. விசேட நாட்களின் பட்டியலை மனிதன் எழுதிக் கொடுத்தால் அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. எழுதிக் கொடுக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

கிரிக்கெட் பார்க்கும் வாசகர்களுக்கு இன்னொரு உதாரணம். 2019 உலகக் கிண்ண அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் விளையாடியபோது, ‘ஹொட்ஸ்டார்’ இணையச் சேவையில் ஒரே நேரத்தில் 2 கோடி 53 இலட்சம் பேர் பார்த்தார்கள். தோனி ஆட்டமிழந்ததும் அந்தக் கூட்டம் சடுதியாகக் கலைந்தது. கூட்டம் கலைந்தால் சேர்வருக்கு ஓய்வு என்று நாம் நினைப்போம். ஆனால் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஆட்டத்தை விட்டு வெளியேறும்போது, அவர்கள் எல்லோரும் முதற்பக்கத்தில் வந்து விழுவார்கள். ஆகவே அந்தப் பக்கத்தைத் தாங்கும் சேர்வர்களுக்குச் சுமை திடீரென ஏறும். ஹொட்ஸ்டார் பொறியியலாளர்கள் வாடகைக் கம்பனியின் வழமையான தானியங்கி வசதியை நம்பியிருக்கவில்லை. இத்தனை பார்வையாளர் என்றால் இத்தனை சேர்வர் என்று முன்கூட்டியே ஏணிப்படி போல எழுதி வைத்து, எப்போதும் ஒரு படி மேலதிகமாக வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். 2023 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் அதே சேவையை ஒரே நேரத்தில் பார்த்தவர் தொகை 5 கோடி 90 இலட்சம்.

கொப்பியில் எழுதப்படாத நஷ்டம்

எல்லாவற்றிலும் ஆபத்தானது வேறொன்று. கடைக்கு 20 மூட்டை சீனி வருகிறது. மத்தியானத்துக்குள் 20உம் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு வந்த பதினைந்து பேர் திரும்பிப் போகிறார்கள். கொப்பியில் என்ன இருக்கும்? விற்பனை 20 என்றுதான் இருக்கும். அந்தக் கொப்பியைப் படித்த இயந்திரம் அடுத்த வாரமும் 20 மூட்டை போதும் என்று சொல்லும்.

சேர்வரிலும் இதேதான். நெருக்கடி நேரத்தில் உங்கள் ஓடர் பக்கம் திறக்காமல் போனால், வந்து திரும்பியவர்கள் விற்பனைக் கணக்கில் பதிவாவதில்லை. இயந்திரம் அந்த நேரத்தை ஆள் குறைவான நேரம் என்று படித்துக்கொள்ளும். அடுத்த தடவை அதற்கேற்பக் குறைவாகவே ஒதுக்கும். குறைவாக ஒதுக்கியதால் மீண்டும் ஆட்கள் திரும்பிப் போவார்கள். இப்படியே சுற்றிக்கொண்டு போகும்.

வன்னியில் வியாபாரம் செய்பவர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. யுத்தம் முடிந்த 2009இன் பின்னரே மீண்டும் திறந்தது. அந்த வருடங்களின் கொழும்பு விற்பனைக் கணக்குகளை மட்டும் ஓர் இயந்திரத்திடம் கொடுத்தால், வன்னியில் சீமெந்துக்கும் தகரத்துக்கும் தேவையே இல்லை என்று அது முடிவு சொல்லும். தேவை இருந்தது, பாதைதான் இருக்கவில்லை. 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போடப்பட்ட பிறகான வாரங்களின் கணக்கும் இப்படித்தான். கொப்பியில் உள்ள இலக்கம் உண்மை. அந்த இலக்கத்தின் காரணம் கொப்பியில் இல்லை. காரணம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

முறை யாருடையது?

பங்கீட்டில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு தேவைப்படும் என்பது முதலாவது. எல்லோருக்கும் பற்றாமல் போனால் யாருக்கு முதலில் கொடுப்பது என்பது இரண்டாவது. முதலாவது கேள்விக்கு இயந்திரம் நம்மைவிட நன்றாகப் பதில் சொல்லும், கூகுளின் இலக்கங்கள் அதைக் காட்டுகின்றன. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது முதலாளியின் பொறுப்பு என்பது என்னுடைய உறுதியான கருத்து.

கூகுளிலும் அப்படித்தான் இருக்கிறது. அங்கே ‘போர்க்’ என்ற மென்பொருள் சேர்வர்களுக்கு வேலை பிரிக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் முன்னுரிமை இலக்கம் ஒன்று உண்டு. மக்கள் நேரடியாகப் பாவிக்கும் சேவைகள் மேலே, பிறகு செய்தாலும் பரவாயில்லை என்ற வேலைகள் கீழே. இடம் பற்றாமல் போனால் கீழே உள்ள வேலையை நிறுத்திவிட்டு மேலே உள்ளதற்கு இடம் கொடுக்கும். எது மேலே, எது கீழே என்ற ஒழுங்கை வகுத்தவர்கள் மனிதர்கள்.

2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்ததை மறந்திருக்க மாட்டோம். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். யாருக்கு எவ்வளவு என்ற கணக்கைக் கம்பியூட்டர் வைத்துக்கொண்டது. ஆனால் முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு 5 லீற்றர் போதுமா, காருக்கு 20 நியாயமா என்ற கேள்விக்குக் கம்பியூட்டர் பொறுப்பில்லை. அது மனிதர் எடுத்த முடிவு. மனிதர் எடுத்த முடிவு என்பதால்தான் மக்கள் கேள்வி கேட்கவும் முடிந்தது.

சில நண்பர்கள் என்னிடம் வேறு விதமாக வாதிடுகிறார்கள். மனிதன் பங்கிட்டால் உறவு, செல்வாக்கு எல்லாம் பார்ப்பான், இயந்திரம் முகம் பார்க்காது, ஆகவே முழுவதையும் அதனிடமே விடுவது நல்லது என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இயந்திரம் முகம் பார்க்காவிட்டாலும் பழைய கொப்பியைப் பார்க்கிறது. பெரிய தொகைக்கு வாங்குபவருக்கு முன்னுரிமை என்று கொப்பி சொன்னால், மாதம் இரண்டு தடவை வரும் நெடுங்கேணிச் சில்லறைக் கடைக்காரர் எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்பார். அவர் இருபது வருட வாடிக்கை என்பதும், நெருக்கடியான காலத்தில் கடனைச் சொன்ன நாளில் கொண்டுவந்து கட்டியவர் என்பதும் முதலாளிக்குத்தான் தெரியும். அப்படியானவரைக் காக்க வைப்பதா இல்லையா என்பதை இயந்திரத்திடம் விட்டால், பிறகு அவர் கேட்கும்போது ‘சிஸ்டம் அப்படிச் செய்துவிட்டது’ என்றுதான் சொல்ல நேரும். வியாபாரத்தில் அது பதிலாகாது.

நாம் கேட்கவேண்டியவை

சிறிய கடைகளுக்கு இந்தக் கற்கும் மென்பொருள் கட்டாயம் தேவை என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ஒரு சிறிய சேர்வரில் உங்கள் வேலை முடிகிறதென்றால் மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். காலை ஏழு மணிக்குக் கூட்டு, இரவு பத்து மணிக்குக் குறை என்று ஒரு நேர அட்டவணை போட்டாலே பலருக்குப் போதும். கூட்டம் ஏறி இறங்குவது அதிகமாகி, மாத பில்லும் பெரிதானால்தான் கற்கும் முறையைப் பற்றி யோசிக்கவேண்டும். அப்படி யோசிப்பவர்கள் மென்பொருள்காரரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, நாம் வாடகை கட்டும் அளவில் எத்தனை வீதம் உண்மையில் பாவிக்கப்படுகிறது? கடந்த மூன்று மாதக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தானாகக் கூட்டும் முறைக்கு உச்ச எல்லை போடப்பட்டிருக்கிறதா? எல்லை இல்லாவிட்டால், யாரோ ஒருவர் விஷமத்துக்கு உங்கள் பக்கத்தை ஆயிரக்கணக்கான தடவை தட்டினாலும் அது சேர்வரைக் கூட்டிக்கொண்டே போகும். டொலர் பில் உங்களுக்கு வரும். எல்லையை நெருங்கும்போது தொலைபேசிக்குத் தகவல் வரவேண்டும்.

மூன்றாவது, எத்தனை நாள் கணக்கைப் பார்த்து அது முடிவெடுக்கிறது? நோன்பு, இரண்டு பெருநாட்கள், தைப்பொங்கல், புத்தாண்டு, தீபாவளி, பெரும்போக அறுவடை, பாடசாலை தொடங்கும் நாள் ஆகியவற்றை வருடத் தொடக்கத்தில் நாமே எழுதிக் கொடுக்க வழி இருக்கிறதா?

நான்காவது, பக்கம் திறக்காமல் திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கை எங்காவது பதிவாகிறதா? பதிவாகாவிட்டால் இன்றிலிருந்து பதிவாக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கடையிலும் இதைச் செய்யலாம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கொப்பி வைத்து, கேட்டு இல்லாமல் போன சாமானைப் பொடியன் எழுதி வைக்கட்டும்.

ஐந்தாவது, பற்றாக்குறை வந்தால் எது முதலில் நிற்கும்? ஓடர் எடுப்பதும் காசு வாங்குவதும் கடைசிவரை நடக்கவேண்டும். மாத அறிக்கை போடுவது, படங்களைச் சீராக்குவது, பழைய கணக்கைப் பிரதி எடுப்பது போன்றவை இரவுக்குத் தள்ளிப்போகலாம். இந்த ஒழுங்கை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மென்பொருள் செய்பவர் ஊகித்துச் செய்யவேண்டிய விடயம் இதுவல்ல.

இந்த ஐந்துக்கும் பதில் சொல்ல முடியாதவரிடம் ‘ஏஐ’ என்ற பெயருக்காக மேலதிகக் கட்டணம் கட்டாதீர்கள். பதில் சொல்லக் கூடியவர் நமது பிள்ளைகளுக்குள்ளேயே இருக்கிறார். மொறட்டுவையிலும் யாழ்ப்பாணத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கம்பியூட்டர் படித்துவிட்டு வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் எத்தனையோ பேர். கணக்கு அவர்களுக்குத் தெரியும், கூட்டம் எப்போது வரும், ஏன் வரும் என்பது நமக்குத் தெரியும். அடுத்த நோன்புக்கு முன்பாக அப்படி ஒருவரைக் கடைக்குக் கூப்பிட்டு, கொப்பியையும் கலண்டரையும் நடுவில் வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் பேசிப் பாருங்கள். அந்தத் தேநீர்ச் செலவு வீண்போகாது.